தேயாத தேய்மானம்

1

2013 ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரிலிருந்து இயங்கும் வால்வ் என்ற கம்பெனி, தன்னுடைய கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் வரும் துப்பாக்கிகளுக்குச் சாயம் பூசி விற்க ஆரம்பித்தது. சாயம் பூசிய துப்பாக்கி கூடுதலாகச் சுடாது, குறியும் திருந்தாது. அதை வைத்திருப்பவன் ஆட்டத்தில் ஜெயிப்பதற்கு அது ஒரு துளியும் உதவாது. விளையாடுகிறவர்கள் இந்தச் சாயத்தை ‘ஸ்கின்’ என்கிறார்கள், அதாவது தோல். பன்னிரண்டு வருஷங்களில் இந்தத் தோல்களின் மொத்தச் சந்தை மதிப்பு, விலைக் கணக்கு வைத்திருப்பவர்கள் சொல்கிறபடி, 600 கோடி டாலரை நெருங்கியது. ஒரே ஒரு துப்பாக்கி 2024-ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் கைமாறியதாகச் செய்தி வந்தது.

கவிதையும் விமர்சனமும் படிக்க வருகிற வாசகர்கள் முன் இந்த விஷயத்தை வைக்க எனக்கு இரண்டு காரணங்கள். அழகு, அபூர்வம், அசல், நகல், மதிப்பு என்று கலைப்பொருள் பற்றிப் பேசும்போது நாம் உபயோகிக்கிற வார்த்தைகள் எல்லாம், கலை என்று யாரும் ஒப்புக்கொள்ளாத இந்த இடத்தில் எந்தப் பூச்சும் இல்லாமல் நடமாடுகின்றன. இது ஒன்று. இரண்டாவது சொந்த விஷயம். என்னிடம் அப்படி ஒரு துப்பாக்கி இருக்கிறது. அது என் சிநேகிதன் ஒருவனுடையது. அவன் இப்போது இல்லை.

2

கவுண்டர்-ஸ்ட்ரைக், கம்பெனி உட்கார்ந்து யோசித்துச் செய்த சரக்கு இல்லை. வால்வ் 1998-ல் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டை அடித்தளமாக வைத்து, கனடாவில் மாணவராக இருந்த மின் லே என்பவரும் ஜெஸ் கிளிஃப் என்ற அமெரிக்கரும் சேர்ந்து 1999-ல் செய்து இலவசமாகக் கொடுத்தது அது. ஒரு கட்சி குண்டு வைக்க வரும்; மற்றது தடுக்கும். அவ்வளவுதான் கதை. 2000-ல் வால்வ் அதை வாங்கித் தன் பெயரில் வெளியிட்டது. சில வருஷங்களில் அது கோயம்புத்தூரில் காந்திபுரத்து பிரௌசிங் சென்டர் வரை வந்துவிட்டது. ஒரே கேபிளில் கோர்த்த எட்டு கம்ப்யூட்டர்களில் எட்டு பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டும், பக்கத்து நாற்காலியில் இருப்பவனை வாயால் திட்டிக்கொண்டும் எங்கள் கல்லூரி நாட்களின் கணிசமான பகுதி கழிந்தது.

அப்போதும் துப்பாக்கிக்குச் சாயம் உண்டு. யாரோ வரைந்து சும்மா கொடுத்த ஒரு படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் பழைய படம் இருந்த இடத்தில் வைத்துவிட்டால் துப்பாக்கி தங்கமாகிவிடும். ஆனால் அந்தத் தங்கம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவன் கண்ணுக்கு மட்டும்தான். எதிரே நிற்பவனுக்குத் தெரிவது வழக்கமான துப்பாக்கிதான். என் சிநேகிதன் அப்படி ஒரு தங்கத் துப்பாக்கி வைத்திருந்தான். அதைப் பார்க்க வேண்டுமானால் நாங்கள் எழுந்து போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவேண்டும். நின்றிருக்கிறோம்.

ஆக, 2013-ல் புதிதாக வந்தது படம் இல்லை. யாரிடம் எது இருக்கிறது என்று எழுதி வைக்கும் ஏடுதான் புதிது. அந்த ஏடு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒருவன் கையில் உள்ளதை எல்லோரும் பார்க்கலாம். எத்தனை உண்டாக்குவது என்பது கம்பெனியின் முடிவு. நிலம் முன்பும் இருந்தது, பட்டா அப்புறம் வந்தது என்பது போல. பட்டா வந்த அன்றுதான் விற்பனையும் வழக்கும் ஆரம்பமாகின்றன.

இதற்கு ஒத்திகை முன்பே நடந்திருந்தது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற இன்னொரு விளையாட்டில் 2009-ல் வால்வ் தொப்பிகளை அறிமுகப்படுத்தியது. 2010-ல் கடை திறந்தது. தொப்பிக்குத் தொப்பி பண்டமாற்று செய்த ஜனங்கள் தாங்களாகவே நாணயங்களும் மாற்று விகிதங்களும் உண்டாக்கிக்கொண்டார்கள். இதை ஆராய 2012-ல் கம்பெனி ஒரு பொருளாதாரப் பேராசிரியரை அமர்த்தியது. அவர்தான் 2015-ல் கிரீஸின் நிதியமைச்சராக இருந்த யானிஸ் வருஃபாகிஸ். 2012 முடிவதற்குள் ஸ்டீம் என்னும் தன் விற்பனைத் தளத்தில் கம்பெனி ஒரு சந்தையையும் திறந்துவிட்டது. துப்பாக்கிகள் வந்து சேர்ந்தபோது தராசு தயாராக இருந்தது.

3

முறை இதுதான். ஆடிக்கொண்டிருப்பவனுக்கு அவ்வப்போது ஒரு பெட்டி கிடைக்கும். பெட்டி இலவசம், சாவி விலைக்கு, 2.49 டாலர். திறந்தால் உள்ளே என்ன என்பது அதிர்ஷ்டம். சாமான்களுக்கு நிறத்தால் அந்தஸ்து: நீலம், ஊதா, ரோஜா, சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேல் தங்க நிறத்தில் கத்திகள். விகிதங்களைக் கம்பெனி வெகுநாள் சொல்லவில்லை. 2017-ல் சீன அரசின் விதி கட்டாயப்படுத்தியதால் சீனப் பதிப்பின் விகிதங்கள் வெளிவந்தன. நூற்றுக்கு ஏறத்தாழ 80 முறை நீலம். சிவப்பு 0.64 சதவிகிதம். கத்தி 0.26 சதவிகிதம், அதாவது சுமார் 385 பெட்டிக்கு ஒன்று. சாவிக்கு மட்டும் 960 டாலர் போல ஆகும். சந்தையில் விற்றால் வாங்குபவன் கொடுப்பதில் விற்பவன் பங்குக்கு மேல் 15 சதவிகிதம் கம்பெனிக்கு. மிச்சமும் கைக்கு வராது. ஸ்டீம் கணக்கில் வரவாகும். அங்கேயே செலவழிக்கலாம், பணமாக எடுக்க முடியாது. இந்த ஒரு தடையால்தான் வெளியே, கம்பெனியின் கூரைக்கு அப்பால், ரொக்கத்துக்கு விற்கும் சந்தைகள் முளைத்தன.

இதுவரை சொன்னது லாட்டரி. இனிமேல் சொல்லப்போவதற்குத்தான் சேகரிப்பவர்கள் வருகிறார்கள்.

ஒவ்வொரு சாமானும் பெட்டியிலிருந்து வெளிவரும் கணத்தில் அதற்கு ஒரு தேய்மான எண் விதிக்கப்படுகிறது. 0-க்கும் 1-க்கும் நடுவில், புள்ளிக்குப் பின் பல இலக்கங்கள் நீளும் எண். 0.07-க்குக் கீழே என்றால் அது ‘ஃபாக்டரி நியூ’, மெருகு குலையாதது. 0.45-க்கு மேல் என்றால் ‘பேட்டில்-ஸ்கார்ட்’, யுத்தத் தழும்பு பட்டது; சாயம் உரிந்து, விளிம்பில் உலோகம் பல்லிளிக்கும். நடுவில் இன்னும் மூன்று படிகள். கவனிக்க வேண்டியது, இந்த எண் அப்புறம் மாறுவதே இல்லை. பத்து வருஷம் தினமும் சுட்டாலும் புதுசு புதுசாகவே இருக்கும். ஒரு தடவைகூடச் சுடாவிட்டாலும் தழும்பு பட்டது தழும்போடுதான்.

எங்கள் வீட்டு அம்மியின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. பாட்டியும் அம்மாவும் அரைத்து விழுந்த பள்ளம். அந்தப் பள்ளத்தில் எத்தனை வருஷம் இருக்கிறது என்று கையை வைத்துப் பார்த்தால் தெரியும். தேய்மானம் என்று நாம் சொல்வது இதைத்தான். உபயோகம் பொருளின் மேல் எழுதுகிற எழுத்து. இந்தத் துப்பாக்கியின் தேய்மானத்தை எழுதியது உபயோகம் இல்லை. தழும்பு இருக்கிறது, பட்ட அடி இல்லை. பிறக்கும்போதே எழுதி அனுப்பிவிட்டார்கள். இனி உழைத்தும் மாற்ற முடியாது, சும்மா இருந்தும் காக்க முடியாது. பிறப்பால் தரம் நிர்ணயிக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல என்பதால், இதைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

தேய்மானம் போலவே இன்னொரு எண்ணும் விதிக்கப்படுகிறது. 0 முதல் 1000 வரை உள்ள இந்த எண், சாயத்தின் பெரிய படத்தில் எந்தப் பகுதி துப்பாக்கியின் மேல் வந்து விழவேண்டும் என்று தீர்மானிக்கும். பல சாயங்களில் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. ‘கேஸ் ஹார்டண்ட்’ என்ற சாயத்தில் உண்டு. பழைய துப்பாக்கிக் கொல்லர்கள் இரும்பை எலும்புக் கரியோடு சேர்த்துப் பெட்டியில் மூடி, பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் சட்டென்று போடுவார்கள். மேல்தோல் இறுகும், கூடவே நீலமும் ஊதாவும் வைக்கோல் மஞ்சளும் திட்டுத் திட்டாகப் படரும். அந்த நிறங்களின் போலிதான் இந்தச் சாயம்.

என் சிநேகிதன் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தான். கேஸ் ஹார்டனிங் அவனுக்குத் தினசரி வேலை. பல்சக்கரங்களைக் கரி ஏற்றி எண்ணெயில் முக்குவார்கள். முதன்முதலாக இந்தச் சாயத்தைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. “நம்ம பட்டறைல எங்கடா நீலம் வருது? எண்ணெயில முக்கினா கறுப்பாத்தாண்டா வரும்.” அப்புறம் ஒரு வாரம் அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏகே-47 துப்பாக்கியில் 661 என்ற எண் விழுந்தால் அதன் மேற்புறம் ஏறக்குறைய முழுவதும் நீலமாகிவிடுகிறது. கம்பெனியின் ஏட்டில் இதற்கு எந்த விசேஷமும் இல்லை. 661-ம் 660-ம் அங்கே ஒன்று. அது அபூர்வம் என்று கண்டுபிடித்தது ஜனங்கள். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எண்களைப் பட்டியல் போட்டு, எது முழு நீலம், எதில் முனையில் மஞ்சள் கலக்கிறது என்று வரிசைப்படுத்தி, ‘ப்ளூ ஜெம்’ என்று பெயரும் வைத்தார்கள். டென்மார்க்கில் ஒருவரும் சீனாவில் ஒருவரும், முகம் பார்த்திராதவர்கள், ஒரே நீலத்தை ஒரே மாதிரி பார்க்கப் பழகிக்கொண்டார்கள். ஆசிரியன் உத்தேசிக்காத ஒன்றை வாசகர்கள் பிரதியில் கண்டு, அதுவே அந்தப் பிரதியின் முக்கியம் என்று நிலைநாட்டுவது இலக்கியத்தில் நடப்பதுதான். பத்து லட்சம் டாலர் என்று முதலில் சொன்னேனே, அந்தத் துப்பாக்கி ஒரு 661.

4

நீலத் திட்டு என்பது பகடை உருண்டதால் வந்த விபத்து. மற்ற அபூர்வங்களைப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. அவற்றின் விலை ஏறியதற்குப் பின்னால் ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவம் இருக்கிறது. அதிகமும் வெட்கப்பட வேண்டிய சம்பவம்.

2014 மே மாதம் ஒரு புதுப் பெட்டியில் ‘ஹௌல்’ என்ற சாயம் வந்தது. எம்4ஏ4 துப்பாக்கியின் மேல் ஊளையிடும் மிருகத்தின் தலை. இந்தச் சாயங்களில் பலவற்றை வெளியாட்கள் வரைந்து அனுப்புவார்கள். கம்பெனி தேர்ந்தெடுத்தால் வருமானத்தில் பங்கு உண்டு. இதுவும் அப்படி வந்ததுதான். ஜூன் மாதம், இது தன்னுடைய படத்தின் திருட்டு என்று இன்னொரு ஓவியர் முறையிட்டார். கம்பெனி அந்தச் சாயத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்கனவே வெளியே போயிருந்தவற்றின் மேல் வேறு படம் வரைந்து மாட்டியது. அவற்றுக்கென்றே ‘காண்ட்ராபாண்ட்’, கள்ளச்சரக்கு, என்று ஒரு தனி அந்தஸ்தும் உண்டாக்கியது. அந்த அந்தஸ்தில் இன்றுவரை வேறு துப்பாக்கி கிடையாது. இனிமேல் ஒன்றுகூடப் பிறக்காது என்று தெரிந்த மறுகணம் விலை ஏற ஆரம்பித்தது. அதில் உள்ள படம்கூட இப்போது திருடிய படம் இல்லை. திருட்டு நடந்தது என்ற செய்தி மட்டும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, போலந்தில் காட்டோவிட்ஸே நகரத்தில் 2014 மார்ச் மாதம் நடந்த பந்தயம். அதில் ஆடிய கோஷ்டிகளின் சின்னங்கள் முதன்முறையாகத் துப்பாக்கியில் ஒட்டும் ஸ்டிக்கர்களாக விற்கப்பட்டன. மினுமினுக்கும் ‘ஹோலோ’ ரகம் அழகு, விற்ற காலம் கொஞ்சம், வாங்கியவர்களும் கொஞ்சம். ஒட்டினால் ஒட்டினதுதான். சுரண்டி அழிக்கலாம், உரித்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. எனவே ஒட்டுகிற ஒவ்வொரு தடவையும் உலகத்தில் இருக்கும் ஒட்டாத ஸ்டிக்கர்களில் ஒன்று குறைகிறது. பணம் படைத்தவர்கள் ஒரே துப்பாக்கியில் நான்கை வரிசையாக ஒட்டி, அதையே ஒரு சிருஷ்டியாகக் காட்டுகிறார்கள்.

இந்த ஸ்டிக்கர்களில் மிகவும் விலை உயர்ந்தவற்றில் ஒன்று ஐபைபவர் என்ற அமெரிக்கக் கோஷ்டியுடையது. அதே 2014 ஆகஸ்டில் இந்தக் கோஷ்டி ஒரு சின்னப் பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்றது. ரிச்சர்ட் லூயிஸ் என்ற பத்திரிகையாளர் இதை வெளிக்கொண்டு வந்தார். 2015 ஜனவரியில் கம்பெனி ஆட்டக்காரர்களைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. எதிர்க்கட்சியின் மேல் பந்தயம் கட்டி ஜெயித்தது ஸ்கின்களை. ஜெயித்தவற்றிலிருந்து ஆட்டக்காரர்களுக்குக் கைமாறியதும் ஸ்கின்கள்தான். சாயம் பூசிய துப்பாக்கிகளுக்காக மானத்தை விற்ற கோஷ்டியின் சின்னம், சாயம் பூசிய துப்பாக்கிகளின் மேல் ஒட்டும் பொருள்களில் மேலான ஒன்றாகிவிட்டது. எண்ணிக்கை குறைவு என்பது விலைக்கு அடிப்படை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் காட்டுகிறவர்கள் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதில்லை, கதையையும் சொல்கிறார்கள்.

மூன்றாவதில் அவமானம் இல்லை. ஒரு நல்ல நாள். பெரிய பந்தயங்கள் நடக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிலருக்கு அப்போது நினைவுப் பொட்டலங்கள் விழுந்துகொண்டிருந்தன. உள்ளே வரும் துப்பாக்கியில் அந்தப் பந்தயத்தின் முத்திரையும், ஆடிய கோஷ்டிகளின் சின்னங்களும், ஒரு ஆட்டக்காரரின் கையெழுத்தும் இருக்கும். ஆட்டம் நடந்த களத்துக்கு ஏற்றபடி உள்ளே சாமான் மாறும். காபிள்ஸ்டோன் என்ற களத்தின் பொட்டலத்தில், மிக மிக அரிதாக, ‘டிராகன் லோர்’ என்ற ஏடபிள்யூபி துப்பாக்கி வரும். 2018 ஜனவரியில் பாஸ்டனில் கிளவுட்9 என்ற கோஷ்டி ஃபேஸ் கோஷ்டியை ஜெயித்தது. வட அமெரிக்கக் கோஷ்டி ஒன்று இந்தப் பெரிய பந்தயத்தை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. டைலர் லேதமின் கையெழுத்தோடு ஒரு டிராகன் லோர் வெளிவந்து, அந்த மாதமே 61,052 டாலருக்கு விற்றது. அந்த வருஷம் ஏப்ரலில் பந்தயக் களங்களின் வரிசையிலிருந்து காபிள்ஸ்டோன் எடுக்கப்பட்டது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இது. கம்ப்யூட்டரில் எந்தப் படத்தையும் எத்தனை கோடி பிரதியும் எடுக்கலாம், செலவே கிடையாது. பிரதி எடுக்க முடியாத ஒன்றைத் தேடித்தான் ஜனங்கள் இவ்வளவு அலைந்திருக்கிறார்கள். கம்பெனி தன் பகடையால் உண்டாக்கிக் கொடுத்த அபூர்வம் அவர்களுக்குப் போதவில்லை. ஒரு தேதியில் ஒரு ஊரில் நடந்து முடிந்துவிட்ட காரியம், திருட்டோ துரோகமோ வெற்றியோ, எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே போய் நிற்கிறார்கள். தேய்மானத்தைப் போலியாகச் செய்து கொடுத்த உலகத்துக்குள் நிஜமான தேய்மானத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

5

இந்தச் சரித்திரத்தில் சேகரிப்பவர்களைவிட அதிகம் பேர் தோற்றவர்கள். ஸ்கின்னை ரொக்கமாக மாற்ற வழி பிறந்ததும் அது சூதாட்டக் காசாகிவிட்டது. 2015-ல் மட்டும் 230 கோடி டாலர் மதிப்புள்ள ஸ்கின்கள் பந்தயம் வைக்கப்பட்டன என்று ஒரு ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது. விளையாடுவதில் பலர் பள்ளிக்கூடப் பையன்கள். வயதைக் கேட்கவோ அடையாளம் பார்க்கவோ ஆள் இல்லை. 2016-ல், யூட்யூபில் பெருங்கூட்டம் பின்தொடரும் இருவர், தாங்கள் ஜெயிப்பதாகப் படம் எடுத்துக் காட்டிய சூதாட்டக் கடையின் சொந்தக்காரர்களே தாங்கள்தான் என்பது வெளிவந்தது. அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2017-ல் சமரசத்தில் முடித்தது. 2016 ஜூலையில் வால்வ் 23 சூதாட்டத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2018-ல், கைமாறிய சாமானை ஏழு நாளைக்கு மறுபடி கைமாற்றக்கூடாது என்று விதி வந்தது. அதே வருஷம் பெல்ஜியத்தில் இந்த மாதிரிப் பெட்டிகள் சூதாட்டம் என்று முடிவாயிற்று. 2019 அக்டோபரில் புதிதாக வாங்கும் சாவிகளைக் கைமாற்ற முடியாமல் செய்தார்கள். கைமாறும் சாவிகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடிப் பணத்தில் வந்தவை என்று கம்பெனியே காரணம் சொன்னது. ஒவ்வொரு விதியும் ஒரு ஓட்டையை அடைத்தது. பெரும்பாலான நாடுகளில் பெட்டியையும் சாவியையும் யாரும் தொடவில்லை.

என் சிநேகிதன் 2015-ல் இருந்த இருப்பை நான் அருகிலிருந்து பார்த்தேன். பட்டறையிலிருந்து வந்ததும் உட்கார்ந்தால் விடியும். பல வருஷமாகச் சேர்த்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பந்தயம் வைத்தான். எந்தத் தளம் என்று சொல்ல வேண்டியதில்லை, இப்போது அது இல்லை. அவன் மனைவி என்னிடம் கேட்டாள், “அண்ணா, அது என்ன, நிஜத் துப்பாக்கியா?” இல்லை என்றேன். “அப்ப எதுக்கு இவ்வளவு பணம்?” நான் மேலே எழுதியிருப்பது அனைத்தும் அந்தக் கேள்விக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதில். சொல்லியிருந்தாலும் அவளுக்குச் சமாதானம் ஆகியிருக்காது. ஆகியிருக்கவும் வேண்டாம்.

2016-ல் அந்தத் தளங்கள் மூடப்பட்டபோது அவன் ஓய்ந்தான். மிஞ்சியவற்றில் ஒரு ஏகே-47 இருந்தது. ‘ரெட்லைன்’ என்ற சாயம், கறுப்பில் சிவப்புக் கோடு. அபூர்வமே இல்லை. யாரிடமும் இருக்கும். அதன் பக்கவாட்டில் ‘ஸ்டாட்ராக்’ என்ற சின்னக் கருவி, அந்தத் துப்பாக்கியால் எத்தனை எதிரிகளைச் சுட்டோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும். கம்பெனி கொடுத்த சாமான்களில் உபயோகத்தைப் பதிவு செய்வது இது ஒன்றுதான். அம்மியின் பள்ளத்துக்குச் சமானமாக அங்கே இருப்பது. ஆனால் அதற்கும் ஒரு விதி உண்டு. துப்பாக்கி கைமாறினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

2019-ல் அவன் ஆடுவதை நிறுத்தினான். அந்த ஏகேயை எனக்கு அனுப்புவதாகச் சொன்னான். “நம்பர் பூஜ்யமாயிடும்டா. பரவாயில்லையா?” என்று கேட்டான். துப்பாக்கிதானே வேண்டும், எண் எதற்கு என்றேன். அனுப்பினான். திறந்து பார்த்தபோது ஆறு பூஜ்யங்கள் வரிசையாக இருந்தன. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், அவன் இறந்தான். நாற்பது வயது நிரம்பவில்லை.

6

பிரிட்டிஷ் கயானாவில் 1856-ல் அச்சான ஒரு சென்ட் தபால்தலை ஒன்று இருக்கிறது. லண்டனிலிருந்து சரக்கு வரத் தாமதமானதால் உள்ளூர்ப் பத்திரிகை அச்சகத்தில் அடித்தது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. 2014-ல் 94 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அதன் பின்புறத்தில், அதை வைத்திருந்தவர்கள் பலர் தங்கள் அடையாளங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக வைத்திருந்தவர்களின் பட்டியல் அந்தச் சின்னக் காகிதத்தின் முதுகில் இருக்கிறது. ஸ்கின்னுக்கு முதுகு கிடையாது. எந்தத் துப்பாக்கி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வெளியாட்கள் சிலர் ஏடு வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது கணக்குகளின் பெயர்கள். கையின் அடையாளம் எதுவும் இல்லை.

சொந்தம் என்ற வார்த்தையே இங்கே தவறு. ஸ்டீமின் ஒப்பந்தப்படி எல்லாமே உபயோகிக்கக் கொடுத்த அனுமதி. 2024-ல், கணக்கை உயில் எழுதி வாரிசுக்கு விட முடியுமா என்று ஒருவர் கேட்டதற்கு முடியாது என்று பதில் வந்தது செய்தியாக அடிபட்டது. சேகரிப்பவன் குத்தகைக்காரன், அந்தக் குத்தகையும் அவன் ஆயுளோடு சரி. இதைப் பலர் உணர்ந்தது 2025 அக்டோபர் 22-ம் தேதி. ஐந்து சிவப்புச் சாமான்களைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ செய்துகொள்ளலாம் என்று கம்பெனி அன்று ஒரு விதியைச் சேர்த்தது. 385 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கின் மேல் பன்னிரண்டு வருஷமாக நின்ற கத்திகளின் விலை சரிந்தது. மொத்த மதிப்பில் 200 கோடி டாலர் வரை ஓரிரு நாளில் கரைந்ததாகக் கணக்கிட்டார்கள். சிவப்புச் சாமான்கள் ஏறின. அபூர்வம் என்பது பொருளின் குணம் என்று நம்பியிருந்தவர்கள், அது வேறொருவர் எழுதும் ஒரு வரி என்று தெரிந்துகொண்டார்கள்.

சம்பவம் ஒட்டிய சாமான்களின் கதை வேறு. ஹௌலையோ, காட்டோவிட்ஸே ஸ்டிக்கரையோ, பாஸ்டன் கையெழுத்தையோ ஐந்து சிவப்பைக் கொடுத்துச் செய்துகொள்ள முடியாது. கம்பெனி நாளைக்கு மனசு வைத்து ஆயிரம் ஹௌல்களை அச்சடிக்கலாம், தடுக்க யாரும் இல்லை. ஆனால் 2014 ஜூன் மாதத்தை அதனால் அச்சடிக்க முடியாது. அதற்காக அறுபதாயிரம் டாலர் கொடுப்பது நியாயமா என்றால் எனக்குத் தெரிந்த வாழ்க்கையில் நியாயம் இல்லை. மனிதன் பொருளிடம் எதைத் தேடுகிறான் என்பதற்கு இந்த அபத்தமான சந்தை கொடுக்கும் சாட்சியை மட்டும் நான் நிராகரிக்கத் தயாரில்லை.

சிநேகிதனின் கணக்கு இன்னும் இருக்கிறது. அவன் பெயரைத் தட்டினால் மிச்சமிருக்கும் சாமான்கள் வரிசையாகத் தெரியும். ஐந்தாறு நீலம், ஒரு ஊதா, திறக்காத சில பெட்டிகள். யாரும் எடுக்க முடியாது. யாருக்கும் வேண்டியதும் இல்லை. 2023 செப்டம்பரில் விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தபோது அவனுடைய துப்பாக்கிகளும் புது வெளிச்சத்துக்கு மாறிக்கொண்டன. தேய்மான எண்கள் அப்படியே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் நான் ஆடுகிறேன். கை முன்போல ஓடுவதில்லை. அந்த ஏகேயின் எண் இப்போது மூன்று இலக்கத்தில் இருக்கிறது, எல்லாம் நான் சுட்டது. எனக்கு அனுப்புவதற்கு முன் அவன் அதைத் திரையில் திருப்பிக் காட்டினான். அப்போது இருந்த எண் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேறெங்கும் பதிவில்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்: 4,217.